வெட்டாமல் விட்ட கொடி

“…வெட்டாதேன்னு சொல்லிட்டுப் போனது நீங்க. வெட்டாம வச்சது நான். இதுக்கு மேல என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார் அக்கா, வாசல் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, கையில் கத்தரியோடு.

கேட்டுக்கு வெளியே அவருடைய கணவர். சவூதியிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்து இறங்கிய காலை அது. ஏர்போர்ட்டிலிருந்து வந்த கார் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டது. இருவருக்கும் நடுவில், கேட்டுக்கு மேலிருந்த இரும்பு வளைவிலிருந்து வழியை மறித்துத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு ரோஜாக் கொடி. இலை இருந்தது, முள் இருந்தது, பூ ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு தட்டு நிறையப் பூவை வைத்துக்கொண்டு, உள்ளே போவதா நிற்பதா என்று தெரியாமல் நான்.

அதற்கப்புறம் அக்கா என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதை மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்த எனக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை. இப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு பிளாட்டில் இருக்கிறோம். மொட்டை மாடியில் ரோஜாத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை விட்டதும் செடிகளைக் கவாத்து பண்ணக் கத்தரியை எடுப்பேன். எடுத்ததும் அக்கா வந்து நிற்பார். ஒரு வருஷம் அவர் செய்தது அன்பு என்று தோன்றும். அடுத்த வருஷம் அது சண்டை என்று தோன்றும். தோன்றிக்கொண்டே வெட்டுவேன்.

அக்காவுக்குப் பெயர் இருந்தது. ரேஷன் கடையில் கூப்பிட்டால்தான் உண்டு. அப்போது நாங்கள் இருந்த திருச்சி பீமநகரில் எங்கள் சந்து முழுக்க, வயதானவர்கள் உட்பட, அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் அவர் சொந்த வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அந்தச் சுவரில் ஒரு கை ஊன்றி, இன்னொரு கையை என் பக்கம் நீட்டி, என் தொட்டியில் இருப்பதை என்னைக் கேட்காமலே வெட்டுவார்.

முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். தைப்பதை விட வெட்டுவதுதான் அவருக்குப் பிடிக்கும். அதை மறைக்கவும் மாட்டார். “தையலைப் பிரிச்சுத் திரும்பத் தைக்கலாம்மா. வெட்டு ஒரு தடவைதான். கை நடுங்கினா துணி போச்சு. அதுலதான் இருக்கு விஷயம்.” யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இரண்டாம் பட்சம். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு திரிவேன். அப்படி அவர் சொன்னவை என்னிடம் நிறைய இருக்கின்றன.

துணிக்கு மொக்கையாகிப்போன ஒரு பழைய கத்தரியைச் செடிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். சைக்கிளில் சாணை பிடிக்கிறவர் சந்துக்குள் வந்தால் முதலில் வெளியே வருவது அந்தக் கத்தரிதான். மெஷின் மேல் இருக்கும் கத்தரிக்கு அடுத்த இடம். இது இரண்டும் போக, கைப்பையில் சின்னதாக ஒன்று எப்போதும் இருக்கும்.

அந்தச் சின்னக் கத்தரியால் ஒரு நாள் மானம் போகப் பார்த்தது. பாலக்கரை பஸ் ஸ்டாப்பில் நானும் அவரும் நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணின் ஜாக்கெட் கழுத்தில் நூல் ஒன்று தொங்கியது. யாரென்றே தெரியாத பெண். அக்காவுக்கு அது கண்ணில் பட்டது என்றால் பஸ் வந்தாலும் ஏற மாட்டார். பையிலிருந்து கத்தரியை எடுத்தார், நறுக்கென்று வெட்டினார். கழுத்துப் பக்கம் ஏதோ சில்லென்று படவும் அந்தப் பெண் சங்கிலியைக் கையால் பொத்திக்கொண்டு கத்திவிட்டாள். கூட்டம் கூடிவிட்டது. அக்கா அசரவே இல்லை. வெட்டின நூலை விரலில் பிடித்து எல்லாருக்கும் காட்டினார்.

“தங்கத்துக்கு யாரும்மா இங்க ஆசைப்பட்டா. உனக்குத் தச்சவ நூலை விட்டுட்டா. அதான்.”

அந்தப் பெண் பிற்பாடு அக்காவிடமே ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள் என்பது வேறு கதை.

பேச்சிலும் அப்படித்தான். மண்ணச்சநல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் பண்ணினால், விஷயம் முடிந்த அந்த இடத்திலேயே வைத்துவிடுவார். “அம்மா போனை வச்சதுக்கப்புறம் நான் தனியா ஸலாம் சொல்லிக்கிறேன்” என்று அந்தப் பெண் என்னிடம் சிரித்திருக்கிறாள்.

இப்படிப்பட்டவர் கையில் ரோஜா அகப்பட்டால் எப்படி இருக்கும். எனக்கு அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே அவர்தான். குடிவந்த புதிதில் வண்டியில் வந்த ஒரு பெங்களூர் ரோஜாவை வாங்கி வைத்தேன். ஆரஞ்சு நிறம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூ. அந்தப் பூ உதிர்ந்ததும் இலையும் உதிர்ந்து, குச்சியாக நின்றது. அக்கா சுவருக்கு மேலிருந்து பார்த்தார்.

“பூவைப் பாத்து வாங்கினியா?”

“ஆமாங்கக்கா. வேற எதைப் பாக்கறது?”

“அடியைப் பாக்கணும். பூவை அவன் வளர்த்தது. அடியைத்தான் நீ வளர்க்கணும். அதுவும் குளிர்ல வளர்ந்த பொண்ணைக் கொண்டாந்து திருச்சி வெயில்ல நிறுத்திட்டு அழறே. பன்னீர் ரோஜா வை. அது நம்ம ஊர்ப் புழுதியைத் தின்னே பூக்கும்.”

சொல்லிக்கொண்டே கையை நீட்டி அந்தக் குச்சியைப் பாதிக்குக் கீழே வெட்டிவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “வெளிப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கிற கணுவுக்கு மேல வெட்டணும். உள் பக்கம் பாத்த கணுவுல வெட்டினா, வர்ற கிளையெல்லாம் உள்ளுக்குள்ளேயே ஒண்ணை ஒண்ணு கீறிக்கிட்டுக் கெடக்கும். கூட்டுக் குடும்பம் மாதிரி” என்றார். அந்தச் செடி தழைத்தது. பூத்தது. அவர் சொன்ன பன்னீர் ரோஜாவையும் ஒரு தொட்டியில் வைத்தேன். அன்றிலிருந்து அவர் வெட்ட வந்தால் நான் குறுக்கே நிற்பதில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் அக்காவின் பன்னீர் ரோஜாவைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். பெருமாளுக்குத் தினம் ஒரு பூ வேண்டும், ஒரு குச்சி கிடைக்குமா என்று. அக்கா வெட்டிக் கொடுத்தார். மாமி கிளம்பும்போது, “உரம் என்ன போடறேள்? இப்படித் தழைச்சிருக்கே” என்றார். நான் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அதற்கெல்லாம் மசிகிறவரா.

“கறி கழுவின தண்ணி ஊத்துவேன் மாமி.”

மாமி கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு மாமி, “அது இந்தச் செடி சாப்பிட்டது. எங்காத்துக்கு வந்தப்புறம் எங்காத்துச் சாப்பாடுதானே” என்று சொல்லி, குச்சியை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். அக்காவுக்கு அன்று முழுவதும் அந்த மாமியைப் பிடித்துப்போயிற்று. “பாத்தியா, ஒரே வார்த்தையில எப்படி வெட்டினாங்க பாத்தியா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இனிமேல்தான் எனக்குக் குழப்பம் ஆரம்பிக்கிற இடம்.

ஒரு நாள் என் தொட்டியில் அடியிலிருந்து புதிதாக ஒரு கிளை விருட்டென்று கிளம்பியிருந்தது. மற்ற கிளைகளை விட வேகம். நான் சந்தோஷமாக அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, மண்ணை விரலால் விலக்கி, அந்தக் கிளையை அடியோடு பிடுங்கி எறிந்தார்.

“இது உன் செடி இல்ல. காட்டுச் செடி. வேருக்காகக் காட்டு ரோஜாவை வச்சு, அது மேலதான் நல்ல ரோஜாவை ஒட்டுவாங்க. இந்தா, இந்த முண்டு இருக்கு பாரு, இதான் ஒட்டு. இதுக்கு மேல வர்றதுதான் நீ வாங்கினது. கீழ வர்றதெல்லாம் காடு. இலையைப் பாத்தாலே தெரியும், பொடிப்பொடியா, வெளிறிப்போய், ஒரு காம்புல ஏழு இலை வச்சிருக்கும். இது கொழுகொழுன்னு ஓடும், பூக்காது. இதை விட்டு வச்சே, தண்ணியையும் உரத்தையும் இதுவே குடிச்சுட்டு, மேல இருக்கிற நல்லதைக் கொன்னுடும்.”

பிடுங்கி எறிந்த கிளையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இந்த இலையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. தலையை நிமிர்த்தினால் எதிரேயே இருந்தது. அக்கா வீட்டுக் கேட்டுக்கு மேல், இரும்பு வளைவு கொள்ளாமல், மாடி ஜன்னலைத் தொட்டுக்கொண்டு ஓடியது அதே பொடி இலைதான். அந்தச் சந்துக்கு வந்ததிலிருந்து அதில் ஒரு பூவை நான் கண்டதில்லை. கொடி ரோஜா என்றார்கள், பூக்கக் காலம் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அப்ப உங்க கேட்டுல இருக்கிறதும்…”

“அது அவர் வச்சது” என்றார். நறுக்கென்று. கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எவ்வளவு வெட்டுகிற மனுஷி. ரோட்டில் போகிறவள் கழுத்து நூலைப் பொறுக்காதவர். தன் வீட்டு வாசலில் ஒரு காட்டுச் செடி நல்ல ரோஜாவை விழுங்குவதை வருஷக் கணக்கில் பார்த்துக்கொண்டு எப்படி இருந்தார்? தெரியாமல் என்றால் சரி. தெரிந்துகொண்டே.

விஷயத்தைத் துணுக்குத் துணுக்காகத்தான் வாங்க முடிந்தது. கடைசியாக லீவில் வந்தபோது அவருடைய கணவர் அக்காவை முக்கொம்பு அணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வரும் வழியில் ரோட்டோர நர்சரியில் அந்தக் கொடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினார். கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பில் பூக்கும், மாடி வரை போகும் என்று நர்சரிக்காரர் சொன்னார். வந்த மறுநாளே வெல்டிங் கடைக்குப் போய் கேட்டுக்கு மேல் வளைவு போட்டு, தன் கையாலேயே குழி தோண்டி வைத்தார். லீவு முடிந்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாராம்: “எதை வேணா வெட்டு. இதை மட்டும் வெட்டாதே. நீ வெட்டற வெட்டுல ஒவ்வொரு தடவையும் நான் வர்றதுக்குள்ள இந்த வீட்டுல நான் வச்சது எதுவும் மிஞ்சறதில்ல.” முந்தின லீவில் அவர் வைத்த மல்லிகைப் பந்தலை அக்கா தரையோடு வெட்டியிருந்தார். அது அந்த மழைக்கே திரும்பத் தழைத்துவிட்டது. ஆனால் அவர் அதற்குள் விமானம் ஏறிவிட்டார். தழைத்ததை அவர் பார்க்கவில்லை. வெட்டினதை மட்டும் பார்த்தார். அதற்கப்புறம் கம்பெனி அவருக்கு லீவே கொடுக்கவில்லை.

முதல் வருஷம் கொடி ஒரு கொத்து பூத்தது. அந்தப் போட்டோதான் அவர் போனைத் திறந்தால் முதலில் தெரியும் படம். ரூமில் கூட இருப்பவர்களுக்கெல்லாம் காட்டி, என் வீட்டு வாசல் என்று சொல்லுவாராம். அதற்கப்புறம் அடியிலிருந்து காடு கிளம்பியது. அக்கா பார்த்தார். வெட்டவில்லை.

“ஏன்கா வெட்டல? வெட்டியிருந்தா நல்ல செடி பொழைச்சிருக்குமே.”

“வெட்டாதேன்னு சொன்னாரு.”

“அவருக்குத் தெரியாம சொன்னதுதானே. போன்ல ஒரு வார்த்தை விவரம் சொல்லியிருக்கலாமே.”

“எதுக்கு? அதுக்கும் ஒரு காரணம் வச்சிருக்கே உன் கத்தரிக்குன்னு சொல்லுவாரு.”

இதைக் கேட்டதும் சரி, வீம்பு என்று முடிவுகட்டினேன். வீட்டையும் மகளையும் அவள் கல்யாணத்தையும் தனியாக நின்று நடத்தினவர். ஒரு வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது. நீ சொன்னபடியே செய்கிறேன், என்ன ஆகிறது பார் என்று விட்டிருக்கிறார். என் முடிவு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஏனென்றால் வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா கணவருக்குச் சவூதியில் லீவு. ஜும்மா முடிந்து வீடியோவில் வருவார். அன்று மதியம் அக்கா சுவரோரம் வந்து, “இன்னைக்குக் கொடியைக் காட்டியே ஆகணுங்கறாரு. என் செடியை வெட்டி விட்டுட்டேன், உன் செடியில பூ இருக்கா?” என்றார். அவர் அப்படிக் கேட்டு வாங்குகிற ஆளே இல்லை. பறித்துக் கொடுத்தேன். நூல் கண்டை எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி, என் பன்னீர் ரோஜாக்களை ஒவ்வொன்றாக அந்தக் காட்டுக் கொடியில் கட்டினார். கட்டின நூல் தெரியாமல் இலையை மறைத்து விட்டார். எனக்குச் சிரிப்பு. அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

“போனை நீ பிடிச்சுக்க. கிட்டப் போயிடாதே. அங்கேயே நில்லு.”

போனில் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். நான் கொடியைக் காட்டினேன்.

“மாஷா அல்லாஹ். இவ்ளோ பூத்திருக்கா. இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு.”

“நெட்டு சரியில்லங்க. சாப்பிட்டீங்களா?” என்று அக்கா போனை வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பேசி முடித்ததும் பூவையெல்லாம் அவிழ்த்து என்னிடம் நீட்டினார். “தலையில வச்சுக்க. பொய் சொன்னது நான்தான். பூ ஒண்ணும் சொல்லல.”

அப்புறம் இது வழக்கமாகிவிட்டது. பன்னீர் ரோஜா இல்லாத வாரம் சிவப்பு ரோஜாவைக் கட்டினோம். “போன வாரம் வேற கலரால்ல இருந்துச்சு?” என்று அவர் கேட்டார். அக்கா யோசிக்கவே இல்லை. “இப்பதான் மழை பெஞ்சுது. கலர் ஏறியிருக்கு” என்றார். அதற்கடுத்த வாரம் சிவப்பும் இல்லை. பட்டன் ரோஜா மட்டும்தான் இருந்தது. அதையும் கட்டினோம். “சின்னதாயிடுச்சே” என்றார். “வெயில்” என்றார் அக்கா. நான் போனை இன்னும் ஒரு எட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“அக்கா, பேசாம நல்ல கொடி ஒண்ணு வாங்கி அந்த இடத்துல வச்சுடலாம். யாருக்குத் தெரியப்போகுது?”

“அவர் கை வச்சது இது.”

“இதுல அவர் வாங்கினது எங்கக்கா இருக்கு. அது செத்து எத்தனை காலமாச்சு. இது காடு.”

“வேரு அதேதானே” என்றார்.

சரி, அன்புதான் என்று மாற்றிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து மெஷின் முன்னால் உட்கார்ந்து ஜாக்கெட் கைக்கு அளவு வெட்டிக்கொண்டிருந்தவர், நான் எதையும் கேட்காமல் அவராகவே சொன்னார்: “நர்சரியிலேயே அடியைப் பாத்தேன்மா. ஒட்டு போட்ட இடம் கறுத்துப்போய் இருந்துச்சு. ரொம்ப நாள் தாங்காதுன்னு தெரியும்.”

“அப்ப ஏன் வாங்க விட்டீங்க?”

கத்தரி துணியில் ஓடிக்கொண்டே இருந்தது. “கல்யாணமாகி என்னைத் தனியா வெளிய கூட்டிட்டுப் போனது அன்னைக்குத்தான். தண்ணி ஓரமா உக்காந்து மீன் வறுவல் சாப்பிட்டோம். அப்புறம் ஆசையா ஒரு செடியை எடுத்து நீட்டறாரு. அந்த நேரத்துல போய் ஒட்டு சரியில்லன்னு சொல்லுவாங்களா?”

அவரே தொடர்ந்தார். “ஆனா கோவமும் இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன். நான் வெட்டறது மட்டும்தானே அவருக்குத் தெரியுது.”

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் துணியை உதறினார். நான் எந்தப் பக்கம் சாய்வது?

அப்படியிருக்கும்போதுதான் அவருடைய கணவர் ஒரேயடியாக வருகிறார் என்று செய்தி வந்தது. கம்பெனி அனுப்புகிறது, வயதும் ஆகிவிட்டது, இனி அங்கே போகப்போவதில்லை. சந்தே சந்தோஷப்பட்டது. அக்கா வீட்டுக்கு வெள்ளை அடித்தார். பீரோவில் ஒரு பக்கத்தைக் காலி பண்ணினார். கேட்டைத் தாண்டிப் போகும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

“வெட்டிப் போட்டுட்டா?” என்று கேட்டேன். “பட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்.”

“பொய் மேல பொய்யா.”

“அப்ப உண்மையைச் சொல்லிடுங்க.”

“இத்தனை வருஷமும் நாங்க லீவுக்கு லீவுதான் குடும்பம் நடத்தியிருக்கோம். ஒரு மாசம், ரெண்டு மாசம். சண்டை வந்தாக்கூட நாள் கம்மின்னு விட்டுடுவோம். இனிமே நாள் கம்மி கிடையாது. வந்த அன்னைக்கே, வாசல்லயே, நான் பொய் சொன்னவள்னு தெரிஞ்சுக்கிட்டு உள்ள வரணுமா அவரு? அப்புறம் நான் சொல்ற எதை நம்புவாரு?”

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. கத்தரி மெஷின் மேல் கிடந்தது. விரலால் அதைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார்.

வருகிற அன்று காலையில் என் செடிகளில் இருந்த பூவையெல்லாம் பறித்துத் தட்டில் வைத்துக்கொண்டு, நூல் கண்டோடு அக்கா வாசலுக்குப் போனேன். ஸ்டூல் தயாராக இருக்கும் என்று நினைத்தேன். ஸ்டூல் இல்லை. அக்கா தட்டைப் பார்த்தார், ஒரு பூவை எடுத்து மோந்து பார்த்தார், திரும்ப வைத்தார்.

“வேணாம்மா. போன்ல பாக்கறவருக்குக் கட்டலாம். நேர்ல வர்றவருக்கு எப்படிக் கட்டறது? எடுத்துட்டுப் போ.”

நான் என் வாசலுக்கு வருவதற்கும் கார் சந்துக்குள் திரும்புவதற்கும் சரியாக இருந்தது. இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள், சவூதிப் பெட்டிகள் எல்லாம் எப்படி இருக்குமோ அப்படி, மஞ்சள் நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டி, மேலே பட்டையாக அவர் பெயர் எழுதி. பெட்டிகளைக் கேட்டோரம் அடுக்கிவிட்டு கார் போயிற்று. அக்காவின் கணவர் நிமிர்ந்து பார்த்தார். வளைவைப் பார்த்தார், மாடி வரை பார்த்தார். நரைத்த தாடியும் புதுச் சட்டையுமாக நின்றார். போனில் பார்த்ததைவிட சின்ன ஆளாகத் தெரிந்தார்.

“பூ எங்க?” என்றார்.

அக்கா உள்ளே போனார். செடிக் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தார். வந்து, ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். முண்டு கறுத்திருந்தது, காடு கிளம்பியது, நல்லது செத்தது, பக்கத்து வீட்டுப் பூவைக் கட்டினது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கிற இடத்தில்தான் நான் முதலில் எழுதின அந்த வார்த்தை: வெட்டாதே என்று சொன்னது நீங்கள், வெட்டாமல் வைத்தது நான்.

அவர் ஒரு இலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இது பூக்கவே பூக்காதாம்மா?”

“எப்பவாவது பொடியா ஏதாவது வரலாம்ணே. வராமலும் போகலாம். நீங்க வாங்கின பூ வராது.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அக்காவைப் பார்த்துச் சொன்னார்: “ஒரு வாரம் ரோஸ், ஒரு வாரம் சிவப்பு, ஒரு வாரம் பட்டன் ரோஜா. எனக்கென்ன கண்ணு தெரியாதா?”

அக்கா கத்தரியைத் தாழ்த்தினார். “தெரிஞ்சுக்கிட்டா பாத்தீங்க? அப்ப ஏன் கேக்கல?”

“வாராவாரம் கட்டினியே. அதைப் போய் எப்படிக் கேக்கறது.”

சந்தில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்கு மட்டும் புரிந்ததா? அவர் சட்டைக் கையில் கொடியின் முள் ஒன்று மாட்டியிருந்தது. மெல்ல எடுத்து விட்டுக்கொண்டே, “சரி, போதும். நானே சொல்றேன். வெட்டிடு. இந்த இடத்துல வேற வைப்போம். இந்தத் தடவை நீ அடியைப் பாத்து வாங்கு” என்றார்.

அக்காவுக்கு வேறென்ன வேண்டும். இத்தனை வருஷம் கை அரித்துக்கொண்டு காத்திருந்தவர். அவர் வாயாலேயே உத்தரவும் கிடைத்துவிட்டது. கத்தரியைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொள்ளப் போனேன்.

அக்கா கேட்டைப் பாதி திறந்து வெளியே வந்தார். குனிந்தார். மேலே இருந்த அட்டைப் பெட்டியில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேடக்கூட இல்லை, அவர் பெயர் எழுதின இடத்துக்குக் குறுக்கே போன அந்த மஞ்சள் கயிற்றில் கத்தரியை விட்டு நறுக்கென்று வெட்டினார். உருவி எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். வழியை மறித்துத் தொங்கிக்கொண்டிருந்த கொடியை, முள் கையில் கீறக் கீற, மொத்தமாக வாரித் தூக்கி, வளைவோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். பிறகு கேட்டின் இரண்டு கதவையும் முழுக்கத் திறந்து விட்டு, “உள்ள வாங்க” என்று சொல்லி, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் போனார்.